டெம்பரேச்சர் முள் ஏறினால்: சூடு இன்ஜினிலா, மீட்டரிலா?

சித்திரை வெயிலில் திருமயம் தாண்டி காரைக்குடி வருகிற வழியில் டெம்பரேச்சர் முள் பாதியைக் கடந்து சிவப்புக் கோடு பக்கம் சாய்கிறது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தால் ஆவி இல்லை, வாடை இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. “மீட்டர் போயிருக்கும், விடு” என்று ஒருவர் கிளம்பிவிடுவார். இன்னொருவர் பதறிப்போய் ரேடியேட்டரைக் கழற்றி, வாட்டர் பம்பை மாற்றி, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் வரை போய், கடைசியில் எலி கடித்த ஒயர் ஒன்றுதான் காரணம் என்று கண்டுபிடிப்பார். இருவரும் செய்தது ஒரே தவறுதான். முள்ளைத் தவிர வேறு எதை வைத்தும் சூட்டை அளக்கவில்லை.

இன்றைய கார்களில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம், 85 முதல் 105 டிகிரி வரை ஓடுவது சாதாரணம். ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். ஃபேன் 95ஐ ஒட்டி முதல் வேகத்திலும், 100ஐத் தாண்டியதும் முழு வேகத்திலும் சுற்றும். ஆனால் இவ்வளவு ஏற்ற இறக்கத்தை முள் காட்டாது. ஓட்டுபவர் பயப்படக்கூடாது என்று அதை நடுவிலேயே நிற்கும்படி கம்பெனிக்காரர்களே அமைத்துவிடுகிறார்கள். 80ம் 100ம் முள்ளுக்கு ஒன்றுதான். அது நடுவை விட்டு மேலே நகர்கிறது என்றாலே விஷயம் கொஞ்சம் முற்றிவிட்டது. பல புதிய கார்களில் முள்ளே கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

முள் கீழே இருந்தால் பயமில்லை என்று நினைப்பது

இருப்பதிலேயே அதிகம் செலவு வைக்கும் தவறு இது. டெம்பரேச்சர் சென்சார் கூலன்டுக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். ஹோஸ் வெடித்தோ வாட்டர் பம்ப் சீல் கசிந்தோ கூலன்ட் இறங்கிவிட்டால் சென்சாரின் முனை காற்றிலும் ஆவியிலும் தொங்கும். உலோகத்திலிருந்து சூட்டை அதற்குக் கொண்டுவர ஆள் இல்லை. ஹெட் வெந்துகொண்டிருக்கும்போது முள் மெல்லக் கீழே இறங்கும். “ஏறிய முள் தானாகவே இறங்கிவிட்டது” என்று நிம்மதியாக ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து நிற்கும்.

அதனால் முள் ஏறி, பிறகு திடீரென்று விழுந்தால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இன்ஜினை நிறுத்தி கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு அடையாளம் கிடைக்கும். ஏசி திடீரென்று வெறும் காற்றாக அடிக்கும், ஏனென்றால் சூடு எல்லை தாண்டினால் பல கார்களில் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஏசி கம்ப்ரஸரைத் துண்டித்துவிடும். மேடேறும்போது இழுவை குறையும். முள் எங்கே இருந்தாலும் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் இன்ஜின் சூடாகியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹீட்டரும் ஒரு சாட்சி. நம் ஊரில் அதை யாரும் தொடுவதில்லை என்பதால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். முள் ஏறியிருக்கும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரைப் போட்டால் அனல் காற்று வர வேண்டும். குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் குறைந்திருக்கிறது அல்லது பம்ப் சுற்றவில்லை. பல வருடம் திறக்காமல் ஹீட்டர் வால்வு இறுகிக் கிடந்தாலும் இதே விளைவுதான் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

வழிந்தாலே ஓவர்ஹீட் என்று முடிவு கட்டுவது

கூலன்ட் பொங்கி வழிகிறது, ஆனால் முள் நடுவிலேயே நிற்கிறது. மீட்டர் பொய் சொல்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பல நேரம் மீட்டர் சொல்வது உண்மைதான், கெட்டது மூடி. ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். அது உள்ளே தாங்கும் அழுத்தம், பார் கணக்கில். வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி 1 பார் அழுத்தம் பிடித்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் 125ஐயும் தாண்டும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்காமல் போனால், 102 டிகிரியில் ஒழுங்காக ஓடும் இன்ஜினிலேயே தண்ணீர் கொதித்து வெளியே வந்துவிடும். சில நூறு ரூபாய் மூடியை மாற்றிப் பார்க்காமல் இன்ஜினில் கை வைப்பது அவசரம். எண் மட்டும் பழைய மூடியில் இருந்ததாகவே இருக்க வேண்டும். கடையில் இல்லை என்று கூடுதல் அழுத்த மூடியைப் போட்டால் அடுத்து ஹோஸ் போகும்.

கையால் தொட்டுச் சூடு பார்ப்பது

மேல் ஹோஸைத் தொட்டு “ரொம்பச் சூடு” என்பதில் பொருளே இல்லை. 60 டிகிரியிலேயே கை பின்வாங்கிவிடும். 90ம் 115ம் கைக்கு ஒரே மாதிரிதான்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ஓபிடி-2, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே சொல்லும் வசதி, கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் அடாப்டரை அதில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் கூலன்ட் எத்தனை டிகிரி என்று எண்ணாகவே தெரியும். போனில் 92 என்று நிற்க, முள் மட்டும் சிவப்பில் நின்றால் கோளாறு மீட்டரிலோ அதற்குப் போகும் லைனிலோ இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 118 காட்டினால் ஒன்று இன்ஜின் உண்மையிலேயே சூடு, அல்லது சென்சார் தவறு. பல கார்களில் ஈசியூவுக்கும் முள்ளுக்கும் சேர்த்து ஒரே சென்சார்தான், சாட்சியும் ஒன்றுதான்.

அங்கேதான் லேசர் புள்ளி அடிக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டும். அதையும் தவறாகப் பிடிக்கிறார்கள். பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் 30, 40 டிகிரி குறைத்துக்கூடக் காட்டும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை ஒட்டிய ரப்பர் ஹோஸில், நான்கு விரற்கடை தூரத்தில் பிடிக்க வேண்டும். உலோகத்தில்தான் பார்க்க வேண்டுமென்றால் இன்ஜின் ஆறியிருக்கும்போதே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பிடிக்கலாம். ஹோஸின் வெளிப்பக்கம் உள்ளே ஓடும் கூலன்டைவிட 5 முதல் 10 டிகிரி குறைவாகவே இருக்கும். ஸ்கேனரில் (அந்த அடாப்டரும் போன் ஆப்பும்தான்) 96, ஹோஸில் 88 என்றால் சென்சார் உண்மை சொல்கிறது. ஸ்கேனரில் 118, ஹோஸில் 85 என்றால் சந்தேகம் சென்சார் மேல்தான்.

கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விடியற்காலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பார்க்க வேண்டும். முள் அடியில் கிடக்க வேண்டும். ஆறிய இன்ஜினில் சாவியைத் திருப்பியதுமே முள் மேலே பாய்ந்தால் அது சூடு அல்ல, ஷார்ட்.

எப்போது ஏறுகிறது என்று கவனிக்காமல் விடுவது

இன்ஜின் ஒரே நொடியில் 90லிருந்து 120க்குப் போகாது. இரும்பும் அலுமினியமும் ஆறேழு லிட்டர் கூலன்டும் சூடேற நேரம் எடுக்கும். முள் குதித்தால் ஒயரிங், ஊர்ந்து ஏறினால் சூடு. ஹெட்லைட் போட்டதும், ப்ளோயர் வேகம் கூட்டியதும் முள் அசைந்தால் எர்த் ஒயர், அதாவது பாடியோடு சேரும் ஒயர், லூஸ். பழைய கார்கள் பலவற்றில் டெம்பரேச்சர் முள்ளும் பெட்ரோல் முள்ளும் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரே வோல்டேஜ் ஸ்டெபிலைசரிலிருந்து கரன்ட் எடுக்கும். இரண்டும் ஒரே நாளில் மேலே ஏறினால் டேங்கும் நிரம்பவில்லை, இன்ஜினும் கொதிக்கவில்லை.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் போகும் பாதயாத்திரைக்குப் பின்னால் சாப்பாடும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு ஊரும் வண்டிகள் ஃபேனுக்கு நல்ல பரீட்சை. நடை வேகத்தில் கிரில்லுக்குள் காற்றே போகாது, ஃபேன் ஒன்றுதான் கதி. சிங்கம்புணரி வரை ஊர்ந்து போகையில் ஏறி, ரோடு கிடைத்து 60ல் போனதும் இறங்கினால் ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ், இந்த மூன்றையும் பார்த்தால் போதும். ஏசியைப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்பது முதல் சோதனை. முழு வேகம் மட்டும் வந்து முதல் வேகம் வராவிட்டால் ஃபேன் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். இதற்கு நேர்மாறாக ஊருக்குள் ஒழுங்காக இருந்து, பைபாஸில் 90ல் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, அல்லது தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கியிருக்கிறது. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கையும் பார்க்க வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் புழுதி அங்கே அப்பளம் போல் படிந்து கிடக்கும்.

மார்கழியில் ஓடிய வண்டி சித்திரையில் மட்டும் ஏறினால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். கூலன்ட் 95, வெளிக்காற்று 28 என்றால் வித்தியாசம் 67 டிகிரி. காற்று 40 ஆனால் வித்தியாசம் 55தான். ரேடியேட்டர் வெளியே தள்ளும் சூடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பாதி அடைத்த ரேடியேட்டர் குளிர்காலத்தில் ஒப்பேற்றும், வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

சென்சாரைச் சோதிக்காமல் மாற்றுவது

முதலில் கனெக்டர். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் கார்கள் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கின்றன. எலிக்கு அது வளவு வீடு. ஒயர் தோல் உரிந்திருக்கிறதா, பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

ஒற்றை ஒயர் உள்ள பழைய சென்சாரில் சோதனை சுலபம். சாவி ஆனில் ஒயரைப் பிடுங்கினால் முள் அடிக்கு வர வேண்டும். அதே ஒயரைப் பாடியில் இரண்டு நொடி தொட வைத்தால் உச்சிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் நலம், சென்சார்தான் பாக்கி. இதே வித்தையை ஈசியூ உள்ள புதிய காரில் செய்வது பெரிய தவறு. அங்கே 5 வோல்ட் லைன் பல சென்சாருக்குப் பொதுவாக இருக்கும். தப்பான ஒயரைத் தொட்டால் மற்ற சென்சார்களும் சேர்ந்து படுத்துவிடும். புதியதில் கனெக்டரைக் கழற்றினாலே போதும். ஸ்கேனரில் மைனஸ் 40 காட்டும், பல கார்களில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும், பி0118 என்ற கோளாறு எண் பதிவாகும். இது நடந்தால் ஒயரிங்கில் ஷார்ட் இல்லை.

சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்ப்பவர்கள் ஒரு இடத்தில் வழுக்குகிறார்கள். இது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. மேனுவலில் 20 டிகிரிக்கு 2.5 கிலோ ஓம் அருகே போட்டிருக்கும். காரைக்குடியில் மத்தியான நிழலில் 35 டிகிரி. அங்கே அதே சென்சார் 1.4 கிலோ ஓம் பக்கம் காட்டினால் அது சரியான சென்சார்தான். “பாதிதான் வருது” என்று தூக்கிப் போட வேண்டியதில்லை. மேனுவல் இல்லாவிட்டால் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, பித்தளை முனை மட்டும் முங்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும், அடியில் தொடக்கூடாது. கொதிக்கிற தண்ணீர் நம் ஊர் உயரத்தில் கிட்டத்தட்ட 100 டிகிரிதான், தனியாகத் தெர்மாமீட்டர் வேண்டாம். பெரும்பாலான சென்சார்கள் அங்கே 200 ஓமுக்கு அருகில் நிற்கும். அடுப்பை அணைத்து ஆறவிடும்போது எண் சீராக ஏற வேண்டும். நடுவில் எங்காவது தாவினால் சென்சார் போய்விட்டது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும், கிடைத்த தண்ணீரை ஊற்றுவதும்

“நம்ம ஊர் வெயிலுக்கு அந்த வால்வு எதுக்கு?” என்று கழற்றிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு இன்ஜின் சூடேறத் தாமதமாகும், மைலேஜ் குறையும், பி0128 என்ற கோளாறு எண் வரும், முள் அடியிலேயே கிடக்கும். அடுத்து பார்ப்பவர் மீட்டர் கெட்டது என்பார். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி (ரேடியேட்டரைத் தொடாமல் கூலன்ட் சுற்றும் வழி) மூடும். அதை எடுத்துவிட்டால் பாதிக் கூலன்ட் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, முன்பைவிடச் சூடு கூடும்.

காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்கத் தித்திக்கும், ரேடியேட்டருக்கு அந்த ருசி வேண்டாம். இனிக்கிற தண்ணீரிலும் உப்பு கரைந்தே இருக்கும், போர் தண்ணீரில் இன்னும் அதிகம். அது மெல்லிய குழாய்களில் சுண்ணாம்பாகப் படியும், சென்சார் முனையிலும் படிந்து அதை மந்தமாக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே வரும் கூலன்ட்.

ரோட்டில் செய்யக்கூடாதவை

சந்தேகம் தீரும் வரை இன்ஜின் சூடு என்றே நடக்க வேண்டும். ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்ட வேண்டும். ஆவி வந்தாலோ கூலன்ட் ஒழுகினாலோ அப்போதே இன்ஜினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை முக்கால் மணி நேரமாவது தொடக்கூடாது. கொதிக்கும் இன்ஜின் மேல் குடத்துத் தண்ணீரைக் கவிழ்ப்பது ஹெட்டை நாமே வளைப்பதற்குச் சமம்.

கூலன்ட் நிரப்பிய பிறகு ஏர் லாக், அதாவது உள்ளே சிக்கிய காற்றை, எடுக்காமல் விட்டால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து. காற்றுக் குமிழி சென்சாரில் மாட்டினால் முள் காரணமில்லாமல் ஏறி இறங்கும். முழுதாக ஆறிய இன்ஜினில் வண்டியின் முகப்பைச் சற்று மேட்டில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, மூடியைக் கழற்றி வைத்து, ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும் வரை ஐடிலில் ஓடவிட வேண்டும். முகத்தை மட்டும் திறந்த வாய்க்கு மேலே கொண்டுபோக வேண்டாம். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகையும் சேர்ந்தால், அது ஏர் லாக் அல்ல, ஹெட் கேஸ்கெட்.

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வைக்கலாம். ஆத்தங்குடிக் கல் பாவிய முகப்பில் பூ வேலைப்பாட்டுக்கு நடுவே பச்சைச் சொட்டு கண்ணுக்கே தெரியாது, அட்டையில் தெரியும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலன்ட் பாட்டிலில் மட்டத்தைப் பார்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு, மூன்று நாள் அதே நேரத்தில் பார்க்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம் இறங்கினால் உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கும். மூன்றாம் நாளும் இறங்கினால் கசிவைத் தேட வேண்டியதுதான், அட்டை காய்ந்திருந்தாலும்.