ஒரே பானைக் காசு, பல அருங்காட்சியகங்கள்: கூட்டு வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1898-இல் புதுக்கோட்டைச் சீமையில், கருக்காகுறிச்சி என்ற ஊரில் ஒரு புதையல் கிடைத்தது. 501 காசுகள். எல்லாம் தங்கம், பெரும்பாலும் ரோமானியப் பேரரசர்களின் தலை பொறித்தவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருந்தது. யார் வெட்டினார்கள், எதற்காக? இனி இது காசாகப் புழங்கக் கூடாது, வெறும் தங்கமாக எடை போட்டு விற்க வேண்டும் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இன்றைக்கும் பேசப்படுகிற கேள்வி அது.

அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டின் மற்ற ரோமானியக் காசுகளோடு ஒப்பிட வேண்டுமானால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வர வேண்டும். இலங்கையில் கிடைத்தவற்றைப் பார்க்கக் கொழும்பு. சிலையையும் கல்வெட்டையும் போல அல்ல காசு. ஒரு உறையில் போட்டால் கடல் தாண்டிப் போய்விடும். அதனால்தான் நாணயத் தொகுப்பு வைத்திருக்கும் எந்த அருங்காட்சியகமும் தனியாக நின்று முழுக் கதையைச் சொல்ல முடிவதில்லை.

இது எல்லோருக்கும் தெரியும். உலக அருங்காட்சியகங்களின் மன்றமான ஐகாமில் பணம், வங்கி சார்ந்த அருங்காட்சியகங்களுக்கென்றே ‘ஐகோமான்’ என்று ஒரு குழு 1990-களின் நடுவிலிருந்து இயங்குகிறது. அப்புறமும் கூட்டு வேலைகள் பாதியில் நின்றுபோகின்றன. காரணம் பெரும்பாலும் பணமோ மனமோ அல்ல, ஆரம்பத்திலேயே செய்துவிடுகிற சில தவறுகள்.

முதல் தவறு, கண்காட்சியிலிருந்து தொடங்குவது. இரண்டு நிறுவனங்கள் கைகோத்தால் உடனே ‘சேர்ந்து ஒரு கண்காட்சி நடத்தலாமே’ என்றுதான் தோன்றும். நாலு மாதம் ஓடியாடி, நல்ல நல்ல காசாகப் பொறுக்கி எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, திறப்பு விழாவும் முடிந்துவிடும். பெட்டியைக் காலி செய்த மறுநாள் இருவர் கையிலும் எதுவும் மிஞ்சாது. பதிவேடுகள் பழையபடி தனித்தனியாகவே இருக்கும். முதலில் பகிர வேண்டியது காசைப் பற்றிய குறிப்பை. காசு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். குறிப்புகள் ஒன்றுசேர்ந்தாலே சிதறிய புதையலில் பாதி திரும்பக் கூடிவிடும்.

‘இது டூப்ளிகேட்தானே?’

என்னைக் கேட்டால் நாணயவியலில் ஆகப் பெரிய சேதத்தைச் செய்த சொல் இதுதான்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. இந்தியாவில் கிடைக்கும் இத்தகைய வெள்ளிப் புதையல்களில் இரண்டே இரண்டு வகைதான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் தன் பேரர்களான கையஸ், லூசியஸ் இருவரும் நிற்பதாக வெளியிட்டது. மற்றொன்று, அவருக்கு அடுத்த பேரரசர் டைபீரியஸ் வெளியிட்ட, பின்பக்கத்தில் ஒரு பெண் அமர்ந்திருக்கும் காசு. பார்க்கிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அப்போது வருகிற யோசனைதான் ஆபத்தானது: ‘நல்லதாக ரெண்டு வைத்துக்கொண்டு, மிச்சத்தை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடலாம்.’ காலனி காலத்தில் புதையல் காசுகளைப் பல அருங்காட்சியகங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது சாதாரண நடைமுறை.

ஆனால் அந்தக் காலத்துக் காசு எந்திரத்தில் அடித்ததல்ல. கையால் செதுக்கிய அச்சின் மேல் உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தது. அச்சு தேயும், விரிசல் விடும், வேறு அச்சு செதுக்குவார்கள். எத்தனை அச்சுகள் என்று எண்ணினால்தான் எவ்வளவு காசு அடித்தார்கள் என்று ஓரளவு கணிக்க முடியும். அதற்கு ஒரே வகையில் நூறு காசும் வேண்டும். அதோடு, இதே இரண்டு வகைகளைப் பார்த்து இந்தியாவிலேயே செய்த போலிக் காசுகளும் உண்டு. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், முகம் கொஞ்சம் மாறியிருக்கும். நூறு காசுக்கு நடுவே அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க, நூறும் ஒன்றாக இருந்தாக வேண்டும், அல்லது நூறின் படமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே பிரிந்துபோனவற்றை இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் எது எங்கே போனது என்ற பழைய பட்டியல் ஆண்டறிக்கைகளில் கிடைக்கக்கூடும். கூட்டு வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் அதைத் தேடி எடுக்க வேண்டும்.

பெயர் குழப்பம்

இராசராச சோழன் காசைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்திருக்கும் உருவம், அருகில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. இதே அமைப்பைப் பின்பற்றி இலங்கை மன்னர்களும் பிற்பாடு காசு அடித்தார்கள். அங்கே அதற்கு ‘மஸ்ஸ’ என்று பெயர். இங்கே ‘இராசராசன் காசு’, ‘ராஜராஜன் காசு’, ‘சோழர் செப்புக் காசு’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஆங்கிலப் பட்டியல்களில் வேறு எழுத்துக்கூட்டல். இரண்டு நாட்டுப் பதிவேடுகளையும் கணினியில் சேர்த்துத் தேடினால், உறவுக்காரக் காசுகள் ஒன்றையொன்று பார்க்காமலே போய்விடும்.

இதற்குச் செய்கிற தவறான வைத்தியம், ‘எல்லோரும் இனி இந்த ஒரே பெயரைத்தான் எழுத வேண்டும்’ என்று கட்டளை போடுவது. யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் தேவையில்லை. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் சங்கமும் கூட்டாளிகளும் 2010 வாக்கில் தொடங்கிய ‘நோமிஸ்மா’ திட்டம் வேறு வழியில் போனது. ஒவ்வொரு அரசர், ஊர், உலோகம், காசுவகைக்கும் ஒரு நிலையான இணைய அடையாளம் கொடுத்தார்கள். நீங்கள் எந்த மொழியில் என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதலாம், கூடவே அந்த அடையாளத்தைச் சேர்த்துவிட்டால் போதும். ரோமப் பேரரசுக் காசுகளின் 40,000-க்கும் மேற்பட்ட வகைகளை இந்த முறையில் தொகுத்திருக்கிறார்கள். ஒரு வகையைத் திறந்தால் லண்டன், பெர்லின், நியூயார்க் அருங்காட்சியகங்களிலுள்ள காசுகள் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும். சோழர், பாண்டியர் காசுகளுக்கும் இந்த அளவுக்கு ஒரு வேலை வேண்டும் என்று மனம் ஏங்குகிறது.

ஊர்ப் பெயரிலும் இதே கதைதான். பழைய பதிவில் ‘கோயம்புத்தூர் ஜில்லா’ என்று இருக்கும். கரூர் 1910 வரை கோயம்புத்தூரோடு இருந்தது, பிறகு திருச்சிராப்பள்ளிக்குப் போனது, 1995-இல் தனி மாவட்டமானது. பூதிநத்தம் இருக்கும் உடுமலை வட்டாரமோ இப்போது திருப்பூர் மாவட்டம். பதிவேட்டைக் கணினியில் ஏற்றுகிறவர் ‘திருத்துகிறேன்’ என்று பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதிவிட்டால், பழைய ஆவணத்தோடு இருந்த தொடர்பு அறுந்துபோகும். பழையதை இருந்தபடியே ஒரு கட்டத்தில் வைத்துவிட்டு, இன்றைய பெயரைப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். பழைய பதிவெண்களுக்கும் இதே விதி. புது எண் கொடுத்த உற்சாகத்தில் பழைய எண்ணை விட்டுவிட்டால், ஐம்பது வருடத்துக்கு முன் வந்த கட்டுரையில் குறிப்பிட்ட காசு எது என்று யாராலும் சொல்ல முடியாது.

உறைகளைத் தூக்கிப் போடுவது இன்னொரு கொடுமை. ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் சில நாள் தன்னார்வலராகப் பதிவேட்டு வேலை பார்த்தேன். காசுகளை அழகான புது உறைகளுக்கு மாற்றியிருந்தார்கள். பழைய பழுப்பு உறைகள் அப்படியே குப்பைக்குப் போயிருந்தன. தப்பிப் பிழைத்த ஒரே ஒரு உறையின் பின்புறத்தில் பென்சிலில் ‘கிணறு வெட்டும்போது, பானையுடன்’ என்று எழுதியிருந்தது. மற்ற உறைகளில் என்ன எழுதியிருந்ததோ. இன்றுவரை அது என் மனசை அறுக்கிறது.

படமும் எடையும்

ஒரு பக்கப் படம் மட்டும் எடுத்து அனுப்புவது, பக்கத்தில் அளவுகோல் வைக்காதது, எடையை ‘சுமார் 4 கிராம்’ என்று எழுதுவது, இவை மூன்றும் கூட்டாளியின் வேலையைப் பயனற்றதாக்கும். எடை ஏன் முக்கியம் என்றால், கி.பி. 64-இல் ரோமப் பேரரசர் நீரோ காசுகளின் எடையைக் குறைத்தார். ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்தார்கள். ஒரு காசுக்கு அரை கிராம்கூட வித்தியாசம் வராது. தமிழகம் வந்த ரோமானியக் காசுகளில் 64-க்கு முந்தையவை ஏன் இவ்வளவு அதிகம் என்ற பேச்சே இந்த அரை கிராமைச் சுற்றித்தான் நடக்கிறது. ஆகவே கிராமுக்கு இரண்டு தசமம் வரை எழுதுங்கள். முன்பக்கத்தை நேராகப் பிடித்துத் திருப்பினால் பின்பக்க உருவத்தின் தலை கடிகாரத்தில் எத்தனை மணியைக் காட்டுகிறது என்பதையும் குறியுங்கள். ஒரு நிமிட வேலை.

உலோகச் சோதனை முடிவுகளை ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். எக்ஸ்-கதிர்க் கருவி பெரும்பாலும் மேற்பரப்பைத்தான் பார்க்கும். கலப்பு வெள்ளிக் காசின் மேல்தோலில் உள்ளே இருப்பதைவிட வெள்ளி அதிகமாக இருப்பது வழக்கம். ஒருவர் மேற்பரப்பையும் மற்றவர் உட்பகுதியையும் அளந்துவிட்டு ஒரே அட்டவணையில் போட்டால் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடலாம்.

தேய்ப்பதும் வைப்பதும்

பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கத்தில் காசையும் தேய்த்துவிடுகிறார்கள். கண்காட்சிக்குப் ‘பளிச்’சென்று இருக்க வேண்டுமாம். செம்பின் மேல் படிந்த பச்சையும் பழுப்பும் பல நூற்றாண்டுகள் அதைக் காத்த தோல். அதை உரித்தால் எழுத்தும் சேர்ந்து போகும். இரவல் ஒப்பந்தத்திலேயே ‘கூட்டாளி எந்தச் சுத்தமும் செய்யக் கூடாது’ என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

ஈயக் காசு வைத்திருப்பவர்கள் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சாதவாகனர்கள் ஈயத்தில் நிறையக் காசு அடித்தார்கள். செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துள்ள ஈயக் காசுகளே கிடைத்திருக்கின்றன. ஓக் போன்ற மரங்களும் ஒட்டுப்பலகையும் வெளிவிடும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். பெட்டி புதிதாக இருந்தால் ஆவியும் அதிகம். தன் ஊரில் நூறு வருடம் நன்றாக இருந்த ஈயக் காசு, இரவல் போன இடத்துப் புத்தம்புதுக் காட்சிப் பெட்டியில் சில மாதத்தில் கெட்டுப்போகலாம். மென்மையான பி.வி.சி. உறைகளும் வேண்டாம், அவை செம்பின் மேல் பச்சைப் பிசினைப் படியவைக்கும். பணத்தாள்களை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சட்டமும் காவலும்

நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ அல்லாமல் யாரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. விழாத் தேதியை அச்சடித்துவிட்டு அனுமதிக்கு எழுதுகிறவர்கள் கடைசியில் வெறும் பெட்டியைத்தான் காட்டுவார்கள். ஒப்பிட்டு ஆராய்வதற்கு மட்டும் என்றால் நல்ல படமும் நல்ல வார்ப்பு நகலுமே பெரும்பாலும் போதும்.

வெளிப்படையாக எல்லாவற்றையும் இணையத்தில் போடுவதிலும் ஒரு வரம்பு உண்டு. புதையல் கிடைத்த வயலின் துல்லியமான இடத்தைப் போட்டால் அடுத்த வாரமே அங்கே யாராவது கருவியோடு தோண்டிக்கொண்டிருப்பார்கள். பிரிட்டனில் பொதுமக்கள் கண்டெடுத்ததைப் பதியும் திட்டத்தில், தேவைப்படும்போது பொதுப் பார்வைக்கு இடத்தைத் தோராயமாகத்தான் காட்டுகிறார்கள்.

இன்னொரு பக்கம், ஜெர்மனியின் மான்ஹிங் ஊரில் 2022 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். பழங்கால ஐரோப்பியரான கெல்டியரின் 483 தங்கக் காசுகளைக் கொண்ட புதையல் ஒரே இரவில் திருடு போனது. பக்கத்துத் தொலைபேசி நிலையத்துக் கேபிள்களை முதலில் வெட்டியிருந்தார்கள். பிற்பாடு கைதானவர்களிடம் கிடைத்தது தங்க உருண்டைகள். காசை உருக்கிவிட்டால் ஆய்வுக்கு மிஞ்சுவது அதன் பதிவு மட்டுமே. அந்தப் பதிவின் நகல் வேறொரு ஊரில், வேறொரு அருங்காட்சியகத்திலும் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று இதற்குப் பிறகும் சொல்ல வேண்டுமா?

சின்ன அருங்காட்சியகத்தைச் சப்ளையராக நடத்துவது

பெரிய நிறுவனம் கேட்கும், மாவட்ட அருங்காட்சியகம் படமும் எடையும் அனுப்பும், கட்டுரை தலைநகரில் வெளியாகும். அனுப்பியவர் பெயர் எங்கேயும் இருக்காது. அடுத்த முறை கேட்டால் பதில் வராது, வராததில் நியாயமும் இருக்கிறது. அந்த ஊர்க் காப்பாட்சியருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. எந்த ஆற்றுப் படுகையில் மழைக்குப் பிறகு காசு கிடைக்கும், யார் வீட்டில் எந்தக் காசு தாலியில் கோத்துக் கிடக்கிறது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. அவர் பெயர் வெளியீட்டில் வர வேண்டும். அவர் தமிழில் எழுதிய குறிப்பு தமிழிலேயே பதிவாக வேண்டும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு: ஒரு புதையலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் காசு வைத்திருக்கும் இரண்டு மூன்று அருங்காட்சியகங்களோடு பேசுங்கள். பழைய எண், புது எண், கிடைத்த இடம் பழைய பதிவில் உள்ளபடி, இன்றைய பெயர், எடை, விட்டம், இரு பக்கப் படம், பதிந்தவர் பெயர் என்று ஒரு எளிய அட்டவணை போடுங்கள். தெரியாத கட்டத்தை ஊகித்து நிரப்பாமல் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். அந்தக் கட்டத்துக்கான விடை கூட்டாளியின் அலமாரியில் ஏதாவது ஒரு பழுப்பு உறையின் பின்புறத்தில் இருக்கலாம்.