'புட் ஆஃப்': தள்ளிப்போடுவதை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்வது எப்படி?

ஒரு வினைச்சொல்லோடு சிறு சொல்லொன்று சேர்ந்து புதுப்பொருள் தரும் ஆங்கிலக் கூட்டுவினைகளைக் கண்டால் நம்மில் பலருக்குத் தயக்கம் வருகிறது. 'புட் ஆஃப்' என்பதைப் பொறுத்தவரை அந்தத் தயக்கம் தேவையில்லை. 'புட்' என்றால் போடு. 'ஆஃப்' என்பது இங்கே அப்பால், தள்ளி என்ற பொருளைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தால் நாம் வீட்டில் நாள்தோறும் வழங்கும் 'தள்ளிப்போடு' அப்படியே கிடைத்துவிடுகிறது. பொருள் இவ்வளவு எளிதாக இருந்தும், வாக்கியத்தில் அமைக்கும்போதும் அதற்கு ஈடான வேறு சொல்லைத் தேடும்போதும்தான் பிழைகள் நேர்கின்றன.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். 'பல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்டேன்' என்பதை 'ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்' என்று சொல்ல வேண்டும். 'புட் ஆஃப் டு கோ' என்பது பிழை. தமிழில் 'போவதை' என்று வினையைப் பெயராக்கித்தானே சொல்கிறோம்? ஆங்கிலத்திலும் 'கோயிங்' என்ற பெயர் வடிவமே வரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இந்தப் பிழை நேராது. இறந்தகாலத்திலும் 'புட்' மாறாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

தள்ளிப்போடப்படும் பொருளை 'புட் ஆஃப் த மீட்டிங்' என்று பின்னாலும் வைக்கலாம், 'புட் த மீட்டிங் ஆஃப்' என்று நடுவிலும் வைக்கலாம். ஆனால் 'அதை' என்னும் சுட்டுப்பெயர் வந்தால் 'புட் இட் ஆஃப்' என்று நடுவில் மட்டுமே வைக்க முடியும். 'திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போடுவோம்' என்பதில் உள்ள நான்காம் வேற்றுமையைப் பார்த்து 'டு மண்டே' என்று எழுதத் தோன்றும். இந்த வினையோடு இயல்பாக வருவது 'அன்டில் மண்டே' அல்லது 'டில் மண்டே' என்பதே.

ஈடான சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அகராதியில் அடுத்தடுத்து இருப்பவை எல்லாம் ஒரே பொருளுடையவை என்று எண்ணிவிடக் கூடாது. தமிழிலேயே ஒத்திவைப்பது வேறு, தாமதமாவது வேறு, தட்டிக்கழிப்பது வேறு அல்லவா? 'போஸ்ட்போன்' என்பது ஒத்திவைத்தல். அலுவலகக் கடிதத்துக்கும் அறிவிப்புக்கும் இதுவே பொருத்தமானது. பின்னால் வைத்தல் என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததால், இதுவும் 'புட் ஆஃப்' போலவே பிறந்தது என்று சொல்லலாம். 'டிலே' என்பது தாமதம். இரண்டு மணி நேரம் தாமதமாக வரும் ரயிலை 'டிலேய்ட்' என்று சொல்ல வேண்டுமே தவிர 'புட் ஆஃப்' என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் அதன் பயணத்தை யாரும் வேறு நாளுக்கு மாற்றவில்லை. பணம் செலுத்துவதைப் பின்னுக்குத் தள்ளும்போது 'டிஃபர்' என்ற சொல் வரும். 2020 மார்ச்சில் கடன் தவணைகளை 3 மாதம் கழித்துச் செலுத்த ரிசர்வ் வங்கி வழிசெய்தபோது பேசப்பட்டது இந்த வகைத் தள்ளிவைப்பே. நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் 'அட்ஜர்ன்' என்பதே வழக்கு. நீதிமன்ற வாசலில் 'வாய்தா' என்று மக்கள் சொல்வதும், செய்திகளில் 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்று படிப்பதும் இதைத்தான்.

இவற்றிலிருந்து தனித்து நிற்பது 'ப்ரோக்ராஸ்டினேட்'. இதற்குள் 'நாளை' என்று பொருள்படும் லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்ய மனமில்லாமல் நாளை, நாளை என்று கடத்துவதையே இது குறிக்கும் என்பதால், மழையால் தள்ளிப்போன திருவிழாவுக்கு இதைப் பயன்படுத்தினால் விழாக் குழுவினரைச் சோம்பேறிகள் என்று சொன்னதாகிவிடும்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் 'கால் ஆஃப்'. இரண்டிலும் 'ஆஃப்' இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் 'கால் ஆஃப்' என்றால் ரத்து. 2020இல் நடக்க வேண்டிய டோக்கியோ ஒலிம்பிக் போட்டி கொரோனா பரவலால் தள்ளிப்போடப்பட்டு 2021 ஜூலை 23 அன்று தொடங்கியது. அதற்கு 'புட் ஆஃப்' சரி. அதே 2020இல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி அந்த ஆண்டுக்கு நடக்கவே இல்லை. அதற்கு 'கால் ஆஃப்' என்றுதான் சொல்ல வேண்டும். நேர்காணல் அடுத்த வாரத்துக்கு மாறியதைத் தெரிவிக்கும் கடிதத்தில் இந்தச் சொல்லை மாற்றி எழுதிவிட்டால், வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர் நம்பிக்கை இழந்து வராமலே இருந்துவிடக்கூடும். ஆகவே அனுப்பும் முன், புதிய தேதி உண்டா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். புதிய தேதி இருந்தால், அல்லது பின்னர் குறிக்கப்படும் என்றால், 'போஸ்ட்போன்'. நிகழ்ச்சியே இல்லை என்றால் 'கேன்சல்' அல்லது 'கால் ஆஃப்'.

'புட் ஆஃப்' என்பதோடு செயலுக்குப் பதிலாக ஆள் வந்தால் பொருள் மாறும். 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால் அந்த நாற்றம் என்னை முகம் சுளிக்க வைத்தது என்று பொருள். 'ஐ வாஸ் புட் ஆஃப் பை த ப்ரைஸ்' என்றால் விலையைக் கேட்டதும் வாங்கும் ஆசையே போய்விட்டது என்று பொருள். கடன் கொடுத்தவரிடம் சாக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருப்பதும் 'புட் ஹிம் ஆஃப்' தான். எது என்பதைச் சூழலே காட்டிவிடும்.

தள்ளிப்போடுவதற்கு எதிராக, குறித்த நாளுக்கு முன்னதாக மாற்றுவதைச் சொல்ல நாம் வழங்கும் 'ப்ரீபோன்' இந்திய ஆங்கிலத்தில் நன்கு வேரூன்றிய சொல். ஆக்ஸ்போர்டு அகராதியும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆயினும் வெளிநாட்டவருக்கு எழுதும்போது 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று எழுதினால் விளக்கம் தேவைப்படாது. விளக்கை அணைக்கச் சொல்லும்போதும் 'புட் ஆஃப்' என்பதைவிட 'ஸ்விட்ச் ஆஃப்' அல்லது 'டர்ன் ஆஃப்' என்பதே எங்கும் செல்லும்.