ஒரே வயது, ஒரே ரோட்டு, இரண்டு இலக்கு: மூளைக்காக ஓடத் தொடங்குகிறவர்களுக்கு

நானும் கணவரும் ஒன்றாகப் படித்தவர்கள். இருவருக்கும் 42 வயது. போன வருடம் ஒரே திட்டத்தில் ஓடத் தொடங்கினோம். மூன்றாம் கிழமை அவர் தெம்பாக இருந்தார், நான் படுத்துவிட்டேன். பிழை எங்கே என்று பிடிபட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பிடிஎன்எஃப் என்றொரு புரதம் இருக்கிறது. 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நரம்புக் கலங்கள் பிழைத்திருக்கவும் புதுத் தொடுப்புகள் போடவும் அது வேண்டும். மூச்சு வாங்க ஓடினால் இரத்தத்தில் அது கூடும்; ஓடி முடித்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும்.

முறை இதுதான். பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். அப்புறம் 4 நிமிடம் வேகம், 3 நிமிடம் நடை. இப்படி நான்கு தடவை. கிழமைக்கு இரண்டு நாள் போதும். நாங்கள் திருகோணமலையில் பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் ரோட்டில் ஓடுகிறோம். கடற்கரை மணலைவிட அதுதான் நல்லது, கால் பிரளாது. மான்கள் குறுக்கே வந்தால் நின்று வழி விடுங்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள், சூட்டில் இதயத் துடிப்பு தானாகவே கூடும்.

இனி நான் விழுந்த இடம். வேகமான 4 நிமிடத்தில் துடிப்பு, இதயம் நிமிடத்துக்கு அடிக்கக்கூடிய உச்சத்தின் 85 முதல் 95 வீதம் இருக்க வேண்டும். உச்சத்தைக் கணிக்க எல்லோரும் 220இலிருந்து வயதைக் கழிப்பார்கள். எனக்கு 178 வந்தது. அதில் 95 வீதம் 169. அந்த 169ஐப் பிடிக்கத்தான் நாய் படாத பாடு பட்டேன். 2010இல் பெண்களை மட்டும் பரிசோதித்து வந்த கணக்கு வேறு: வயதை 0.88ஆல் பெருக்கி 206இலிருந்து கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் என் உச்சமே 169தான்! என் இலக்கு 144 முதல் 161 வரை. இதுவும் சராசரிக் கணக்கே. ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்பின் இருக்கும். கைமணிக்கூடு வியர்வையில் தடுமாறும். காசு இருந்தால் துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டி வாங்குங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015 அலசலில், பெண்கள் கூடுதலாக இருந்த ஆய்வுகளில் பிடிஎன்எஃப் ஏற்றம் குறைவாகத் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு ஓட்டத்தை விடாதீர்கள். ஈஸ்ட்ரஜன் தானே பிடிஎன்எஃப் சுரப்பைத் தூண்டும். மாதச் சுழற்சியின் பிற்பாதியில் இரத்தத்தில் பிடிஎன்எஃப் அளவு கூடியிருப்பதையும் அளந்திருக்கிறார்கள். ஆகவே எந்த நாளில் அளந்தார்கள் என்பதே முடிவை மாற்றும். தவிர, இரத்தத்தில் உள்ளதில் பெரும்பங்கு குருதிச் சிறுதட்டுகளில் (பிளேற்லெட்) இருப்பது. அதை வைத்து மூளைக்குள் நடப்பதை அப்படியே சொல்ல முடியாது. ஆனால் மூளையையே பார்த்த ஆய்வும் உண்டு: 2011இல் ஆணும் பெண்ணுமாக 120 முதியவர்களை ஆராய்ந்தபோது, ஒரு வருடம் நடைப்பயிற்சி செய்தவர்களின் ஹிப்போகம்பஸ் 2 வீதம் பெருத்திருந்தது. நினைவாற்றலுக்கான இடம் அது.

மாதச் சுழற்சியின் பிற்பாதி நாட்களில் உடம்புச் சூடும் துடிப்பும் கொஞ்சம் ஏறும். அப்போது நான் நான்கு தடவையை மூன்றாகக் குறைப்பேன்.

பிந்திச் சேர்த்தது: எவ்வளவு ஓடியும் துடிப்பு 120ஐத் தாண்டவில்லை என்று உப்புவெளி அக்கா ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், பிரஷருக்கு பீற்றா புளொக்கர் குளிசை போடுகிறார். அது துடிப்பை ஏறவிடாது. மேலே சொன்ன எந்தக் கணக்கும் அவருக்குப் பொருந்தாது. அக்கா, முதலில் டொக்டரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகம், அதுதான் உங்கள் அளவு.