தொழிற்சங்கமும் முதலாளியும்: கொழும்பில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

புறக்கோட்டைக் கடைகளிலோ வத்தளை, கிராண்ட்பாஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ சங்கம் அமைக்கும் பேச்சு கிளம்பினால் முதலில் தயாராவது கோரிக்கைப் பட்டியல்தான். சம்பளம், ஓ.டி., லீவு. சட்டம் நினைவுக்கு வருவது யாரையாவது வேலையிலிருந்து நிறுத்திய பிறகு. அதற்குள் பாதி விஷயம் கைநழுவிப் போயிருக்கும்.

பதிவு செய்வதற்கு முன்பே கடிதத் தலைப்பு அச்சடித்து முதலாளிக்கு அனுப்புவது பலரும் செய்கிற தவறு. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பதிவு இல்லாத சங்கத்துக்குச் சட்டம் தரும் உரிமையும் பாதுகாப்பும் கிடையாது. ஏழு பேர்கூட இல்லாத சின்னக் கடையா? ஏற்கெனவே இயங்கும் பொதுச் சங்கம் ஒன்றில் சேரலாம். பாலா தம்பு 1948இலிருந்து 2014 வரை வழிநடத்திய இலங்கை வர்த்தக ஊழியர் சங்கம், சி.எம்.யூ. என்று எல்லோரும் சொல்வது, அந்த வகைதான்.

அடுத்தது 40 சதவீதக் கணக்கு. இதில்தான் இரண்டு தரப்பும் அதிகம் சறுக்குகிறார்கள். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் 32அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத உறுப்பினர்கள் உள்ள சங்கத்தோடு பேச முதலாளி மறுத்தால் அது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்கிறது அது. சரி, எதில் 40? நிறுவனத்தில் வேலை செய்கிற எல்லோரிலும் அல்ல. சங்கம் யாருக்காகப் பேச வருகிறதோ அவர்களில். இயந்திரம் இயக்குபவர்கள் 200 பேர், ஒபிசில் 100 பேர் இருக்கும் தொழிற்சாலையில் இயந்திரப் பகுதிக்காக மட்டும் சங்கம் பேசுவதானால் 80 பேர் போதும். 300ஐ வைத்துக் கணக்குப் போட்டு, "120 பேர் சேரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சங்கமே காத்திருந்தால் நஷ்டம் சங்கத்துக்குத்தான். நிர்வாகமும் அதே தப்புக் கணக்கைக் காட்டிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பும். எண்ணிக்கையில் தகராறு வந்தால் தொழில் திணைக்களம் வாக்கெடுப்பு நடத்தும். அந்த நாள் வரைக்கும் உறுப்பினர் படிவமும் சந்தா ரசீதும் பத்திரமாக இருக்க வேண்டும். வாயால் "நாங்க எல்லாரும் ஒண்டுதான்" என்பது அங்கே எடுபடாது.

ஏற்றுமதி வலயத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தோடு பேசுவதற்கு ஊழியர் சபை என்று ஒன்று இருக்கும். சாப்பாடு, பஸ், கழிவறை விஷயம் பேச அது உதவும். ஆனால் அது தொழிற்சங்கம் அல்ல. "சபை இருக்கிறதே, சங்கம் எதற்கு" என்று நிர்வாகம் சொன்னால் அதை நம்பிவிட வேண்டாம். சங்கம் அமைப்பதும் அதில் சேர்வதும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தந்த உரிமை.

முதலாளிமாரின் தவறுக்கு வருவோம். சங்கச் செயலாளரை வேலையிலிருந்து தூக்குவது, விலகினால் பதவி உயர்வு என்று ஆசை காட்டுவது, மிரட்டுவது எல்லாம் அதே 32அ பிரிவில் தடை. ஆனால் சங்கம் நேராக நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போட முடியாது. தொழில் திணைக்களத்தின் தலைவரான தொழில் ஆணையாளர் நாயகம் வழக்கைத் தொடர வேண்டும், அல்லது அவருடைய எழுத்து மூல அனுமதி வேண்டும். என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். அதனால் நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்குக் கொடுக்கும் முறைப்பாட்டில் திகதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். தமிழிலேயே எழுதலாம், அதற்கும் அரசியலமைப்பில் இடம் உண்டு.

வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்தைய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த இரண்டே வழி. ஆணையாளரின் எழுத்து மூல அனுமதி, அல்லது அந்தத் தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம். முதல் வழியில் விசாரணை, காரணம், நஷ்டஈடு எல்லாம் உண்டு. இரண்டாவதற்கு ஒரு பேனா போதும். அதனால்தான் ஆட்குறைப்பு நேரத்தில் எச்.ஆர். அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அடித்த கடிதத்தை நீட்டி "இது ஃபோர்மலிட்டிதான்" என்பார்கள். வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்வதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. ஒழுக்காற்றுக் காரணம் காட்டி நிறுத்தினாலும், இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

நிறுத்திவிட்டார்கள் என்றால், வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான். வேலை போன நாளிலிருந்து எண்ண வேண்டும். லேபர் ஒபிசில் பேச்சுவார்த்தை நடக்கிறது, பெரியவர் ஒருவர் முதலாளியிடம் பேசுகிறார் என்று நாளைக் கடத்தி ஏழாவது மாதம் வருபவர்களைக் காப்பாற்றுவது கஷ்டம். முதலில் வேறு சட்ட வழிக்குப் போய்விட்டால் பிறகு நியாய சபைக் கதவு திறக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். அப்புறம், நியாய சபைக்கு வழி தரும் கைத்தொழில் பிணக்குகள் சட்டமே அரசாங்க உத்தியோகத்தர்களுக்குப் பொருந்தாது. கூட்டுத்தாபன ஊழியர்களுக்குப் பொருந்தும்.

வேலைநிறுத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அத்தியாவசியம் என்று பிரகடனப்படுத்திய தொழிலில் 21 நாள் முன்னறிவித்தல் எழுத்தில் கொடுக்க வேண்டும். பிணக்கை நடுத்தீர்ப்புக்கு அனுப்பிய பின், தீர்ப்பு வருவதற்கு முன் வேலைநிறுத்தம் செய்தால் அது குற்றம். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரக்கணக்கானோர் வேலை இழந்த கதை கொழும்பின் பழைய சங்கக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக, சங்கமும் முதலாளியும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானதும் வருகிற தவறு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், அதே சலுகைகளைச் சங்கத்தில் இல்லாத மற்றத் தொழிலாளருக்கும் குறையாமல் தர முதலாளி கடமைப்பட்டவர். உடனே ஒரு கேள்வி கிளம்பும்: "அப்ப நான் ஏன் சந்தா கட்டணும்?" ஒருவர் விலக, இருவர் விலக, மேலே சொன்ன தொழிற்சாலையின் 80 பேர் 70 ஆகிறார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து புதுக் கோரிக்கையோடு போகும்போது நிர்வாகம் முதலில் கேட்பது உறுப்பினர் பட்டியலைத்தான். 200 பேரில் 70 பேர் என்றால், அந்தச் சங்கத்தோடு பேசத்தான் வேண்டும் என்று 32அ முதலாளியைக் கட்டாயப்படுத்தாது.