கூலி பாக்கியா? முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள்

மண்டபம் பக்கம் நண்டு கம்பெனியில் கிலோ கணக்கில் சதை எடுக்கிற அக்காமார், பாம்பனில் ஐஸ் உடைக்கிற அண்ணன்மார், ராமநாதபுரம் டவுனில் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிற தம்பிகள், எல்லோரிடமும் ஒரே பேச்சுதான்: "நம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்கு?" வேலைக்குச் சேர்ந்த கடிதம் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. சரி, அதை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது விட்டார்கள், எத்தனை கிலோ, கைக்கு வந்தது எவ்வளவு, அட்வான்ஸில் பிடித்தது எவ்வளவு என்று அன்றன்றைக்கே எழுதுங்கள், வாரக் கடைசியில் மொத்தமாக எழுதினால் கண்டிப்பாகக் குளறுபடி ஆகும். "நாளைக்கு நாலு மணிக்கு வந்துருங்க" என்று மேஸ்திரி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள். ஜிபே வரவையும் அப்படியே வையுங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில், கூலி தரவில்லை என்று மனுப் போட்டால், கொடுத்ததை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். நாம் அங்கே வேலை பார்த்தோம் என்று காட்டினால் போதும், அதற்குத்தான் நோட்டு. கிலோ கணக்கில் வேலை என்றாலும் குறைந்தபட்சக் கூலி உண்டு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். "காண்ட்ராக்டரைக் கேளு" என்று கம்பெனி கைகழுவவும் முடியாது, அவர் தராவிட்டால் பொறுப்பு கம்பெனிக்கு வரும். மனுப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு. ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள், கூட வேலை பார்த்தவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டால் சாட்சிக்கு ஆள் கிடைக்காது.

மனுவை மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம், நாலைந்து பேராகப் போனால் பயமும் இருக்காது. வக்கீல் வேண்டுமென்றால் 15100-க்கு அடியுங்கள், பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

டெலிவரி தம்பிகளுக்குக் கொஞ்சம் கசப்பான சேதி. சட்டம் உங்களைத் தொழிலாளி என்று ஒத்துக்கொள்ளாமல் 'கிக்' (ஆப் வழியாக அவ்வப்போது கிடைக்கிற வேலையைச் செய்பவர்கள்) என்று தனியாகத்தான் வைத்திருக்கிறது, அதனால் குறைந்தபட்சக் கூலி கேட்க வழியில்லை (என்னைக் கேட்டால் இது அநியாயம்). கிடைப்பது சமூகப் பாதுகாப்பு மட்டும்: ஆப் நடத்தும் கம்பெனிகள் ஆண்டு வரவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை அதற்கென்று கட்ட வேண்டும். அதில் உங்கள் பெயர் இருக்க இ-ஷ்ரம் என்கிற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு வேண்டும். ஆதாரோடு இணைத்த போன் நம்பர் இருந்தால் நீங்களே பதியலாம், சந்தேகத்துக்கு 14434. தமிழ்நாட்டில் 2023-இல் கிக் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியமே அமைத்தார்கள், அதிலும் தனியாகப் பதிய வேண்டும். அப்புறம் ஐடியை முடக்கினால் ஆப் திறக்காது, எனவே வாராவாரம் பேஅவுட் (உங்களுக்கு வந்த பணக் கணக்கு) பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் வேறொருவர் போனுக்கு அனுப்பி வையுங்கள்.