பழைய ஆயில் கூலரை மாற்று எஞ்சினில் மாட்டாதீர்கள்

ரீபில்ட் செய்த எஞ்சின் பேரிங் அடிபட்டு நின்றுபோய், வீட்டிலேயே வேறு எஞ்சினைப் பொருத்துபவர்கள், எஞ்சின் ஆயிலின் சூட்டைத் தணிக்கும் பழைய ஆயில் கூலரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவது நல்லது. பேரிங்கிலிருந்து உதிர்ந்த உலோகத் துகள்கள் கூலரின் நெருக்கமான தகடுகளுக்கிடையே தங்கிவிடுவதால், மண்ணெண்ணெய் ஊற்றி எத்தனை முறை அலசினாலும் முழுமையாக வெளியேறுவதில்லை. ஆயில் ஃபில்டருக்குப் பிறகு கூலர் அமைந்துள்ள எஞ்சின்களில், சூடான ஆயில் அத்துகள்களை நேராகப் புதிய பேரிங்குகளுக்கே கொண்டு சேர்க்கும். கூலரின் விலையைப் பார்த்துத் தயங்குபவர்கள் இன்னொரு எஞ்சினின் விலையையும் நினைத்துப் பார்க்கலாம்.

கழற்றிய எஞ்சினின் ஃபில்டரை அறுத்து, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரித்துப் பாருங்கள்: வால்வு எரிந்தது போன்ற காரணத்தால் எஞ்சின் போயிருந்து, மினுங்கும் துகள் எதுவும் தென்படாவிட்டால், கசிவில்லாத பழைய கூலரே போதும். கூலரே இல்லாத வண்டிகளில், எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான பழைய சம்ப்பை மீண்டும் பயன்படுத்துவதாக இருந்தால், அதையும் ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையையும் நன்றாகக் கழுவினால் போதுமானது.