பழத்தை வைத்துப் பாடம்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

மூன்று வயதுக் குழந்தைக்குப் பழங்களைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்றதும் பல வீடுகளில் முதலில் ஓடுவது பிரிண்டர்தான். ஆப்பிள் படம், ஸ்ட்ராபெர்ரி படம், கலர் அடிக்க ஒரு தாள். இத்தனைக்கும் அடுப்படியில் ஒரு சீப்பு பூவன் பழமும் இரண்டு கொய்யாவும் கிடக்கும். தாள் கொடுப்பது குற்றமில்லை. ஆனால் தாளுக்கு மணம் கிடையாது, எடை கிடையாது, பிசுபிசுப்பும் கிடையாது. இந்த வயதில் குழந்தை கையாலும் மூக்காலும் வாயாலும்தான் படிக்கிறது. பழத்தை வைத்துப் பாடம் நடத்துகிறேன் என்று நாம் செய்யும் தவறுகளில் பாதி, அந்தப் பழத்தைக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கிவிடுவதுதான். பிளாஸ்டிக் பழ செட்டுக்கும் இதே கதை. கடை விளையாட்டு விளையாட அது போதும். தர்பூசணியும் திராட்சையும் ஒரே கனத்தில் இருக்கிற செட்டை வைத்துப் பழத்தைக் கற்றுத்தர முடியாது.

இன்னொன்று, சார்ட்டில் இருக்கிற வரிசைப்படி போவது. டிசம்பரில் மாம்பழப் படத்தைக் காட்டுவதை விட, தள்ளுவண்டிக்காரர் அன்றைக்கு என்ன கொண்டுவருகிறாரோ அதை எடுத்துக்கொள்வது மேல். கோடையில் மாம்பழம், நுங்கு, ஜூன் ஜூலையில் நாவல், அதற்குப் பிறகு சீத்தா, குளிர்காலத்தில் இலந்தை. சீசன் தானாகவே பாடத்திட்டம் போட்டுக் கொடுக்கிறது.

ஒரு பழம், ஒரே நிறம்

ஆப்பிள் என்றால் சிவப்பு, வாழைப்பழம் என்றால் மஞ்சள், திராட்சை என்றால் ஊதா. படஅட்டைகள் இப்படித்தான் பழக்குகின்றன. அப்புறம் செவ்வாழையைக் கொடுத்தால் குழந்தை "இது வாழைப்பழம் இல்லை" என்று தள்ளிவிடுகிறது. தவறு குழந்தையுடையது இல்லை.

நம் ஊரில் இதைச் சரிசெய்ய வாழைப்பழமே போதும். பூவன், செவ்வாழை, பச்சைப்பழம் மூன்றிலும் ஒவ்வொன்று வாங்குங்கள், பக்கத்தில் ஒரு வாழைக்காயையும் வையுங்கள். பச்சைப்பழம் பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். நம் வெக்கையில் அந்த ரகம் பழுக்கும்போது தோலின் பச்சை முழுதாகப் போவதில்லை. ஆக, பார்வைக்கு வாழைக்காயும் பச்சை, பழமும் பச்சை. எது பழம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, கையை உள்ளே விட்டு அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மட்டுமே அடையாளம் இல்லை என்று நீங்கள் வாய் திறந்து சொல்லத் தேவையே இருக்காது.

கேள்விக் கணை

"இது என்ன? என்ன கலர்? எத்தனை இருக்கு? பாட்டிக்கு இங்கிலீஷ்ல சொல்லு!" வீடியோ காலில் இது தினசரிக் காட்சி. ஏற்கனவே தெரிந்த பதிலைத்தான் பெரியவர்கள் கேட்கிறார்கள் என்பது குழந்தைக்குச் சீக்கிரமே புரிந்துவிடும். அப்புறம் வாயை மூடிக்கொள்ளும், அல்லது வேண்டுமென்றே தப்பாகச் சொல்லும். இரண்டாவது ரகக் குழந்தையை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்விக்குப் பதிலாக நீங்கள் பேசுங்கள். "இந்தச் சப்போட்டா தோல் சொரசொரன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். "தாத்தா தாடி மாதிரி" என்று ஏதாவது வரும். பழங்களைப் பிரித்து வைக்கச் சொல்லும்போதும் அப்படியே. நீங்கள் நிறவாரியாக நினைத்திருப்பீர்கள். குழந்தை 'அப்பாவுக்குப் பிடித்தது, பிடிக்காதது' என்று பிரித்து வைக்கும். அதுவும் வகைப்படுத்தல்தான், திருத்த வேண்டாம்.

எண்ணிக்கையில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒன்று முதல் பத்து வரை ஒப்பிப்பதும் எண்ணுவதும் ஒன்றல்ல. மூன்று வயதில் கடகடவென்று ஒப்பிக்கும் குழந்தை, ஐந்து ஆரஞ்சுச் சுளைகளை வைத்தால் ஒரே சுளையை இரண்டு முறை தொடும், ஒன்றை விட்டுவிடும். அதனால் மாதுளை முத்துகளை எண்ணச் சொல்வது வீண்வேலை. மூன்று, நான்கு, ஐந்து என்று தொடங்கி, எண்ணிய சுளையை வேறு தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஒரு வாழைப்பழத்தை ஆறு துண்டாக நறுக்கினால் நான்கு வயதுக் குழந்தை, முழுப்பழத்தை விட இதுதான் நிறைய என்று அடம்பிடிக்கும். "முட்டாளா நீ, அதே பழம்தானே" என்று சொல்லிவிடாதீர்கள். துண்டு போட்டாலும் உருவம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதல் பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில்தான் உறுதிப்படும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே பல பரிசோதனைகளில் காட்டியது இதைத்தான். விளக்கிப் புரியவைக்க முடியாது, விட்டுவிடுங்கள். (தம்பிக்கு இரண்டு துண்டு, அக்காவுக்கு ஒன்று என்று வைத்துச் சண்டையைத் தீர்க்க இது உதவும் என்பது வேறு விஷயம்.)

எழுத்துப் பயிற்சிக்கு அவசரப்படுவதும் இங்கேதான் சேரும். புள்ளிகளை இணைத்து 'ஆரஞ்சு' எழுதவைப்பதற்கு முன் ஆரஞ்சை உரிக்கவிடுங்கள். தோலில் நகம் குத்துவது, திராட்சையைக் காம்பிலிருந்து பறிப்பது, எலுமிச்சை மூடியைப் பிழிவது, இவையெல்லாம் பென்சில் பிடிக்கப் போகிற விரல்களுக்கான வேலை. தரை பாழாகும். பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள்.

மிதக்குமா, மூழ்குமா

வாளித் தண்ணீரில் பழங்களைப் போடுவது நல்ல விளையாட்டு. தோலோடு ஆரஞ்சு மிதக்கும், உரித்தால் பெரும்பாலும் மூழ்கும். தோலின் பஞ்சுபோன்ற வெள்ளைப் பகுதியில் இருக்கும் காற்றுதான் காரணம். இங்கே நாம் செய்யும் தவறு, முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது. முதலில் குழந்தை ஊகிக்கட்டும். தோல் தளர்ந்த கமலா ஆரஞ்சு சில நேரம் உரித்த பிறகும் மிதந்து மானத்தை வாங்கும். அது இன்னும் சுவாரஸ்யம். ஆனால் போன் அடிக்கிறது என்று எழுந்து போகக் கூடாது. சில அங்குலத் தண்ணீரே சின்னக் குழந்தைக்கு ஆபத்து. விளையாட்டு முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது

கையில் கொடுங்கள் என்று சொன்னேன். எதை, எப்படி நறுக்கி என்பதில்தான் கண்டிப்பு வேண்டும். முழுத் திராட்சை, குழந்தையின் மூச்சுக்குழலை மூடி போட்டதுபோல் அடைத்துவிடும் அளவில் இருக்கிறது, வழுக்கவும் செய்யும். 5 வயது வரை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். குறுக்கே வட்டமாக வெட்டினால் பயனில்லை. குற்றாலம் சீசனில் வாங்கும் ரம்புட்டானும் லிச்சியும் அதே ரகம். சதையைக் கொட்டையிலிருந்து பிரித்துச் சிறிதாக்க வேண்டும். நுங்கையும் நறுக்கிக் கொடுங்கள். வேகவைக்காத ஆப்பிள் துண்டு, தேங்காய்ச் சில்லு போன்ற கடினமானவற்றைத் துருவியோ மெல்லியதாகச் சீவியோ தரலாம். எதுவானாலும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஓடிக்கொண்டே சாப்பிடும்போதும், வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கும்போதும்தான் புரையேறுகிறது.

அடுத்தது கொட்டைகள். சீத்தா, சப்போட்டா, இலந்தை, புளியங்கொட்டை எல்லாம் எண்ணவும் கோலம் வைக்கவும் அழகாக இருக்கும். ஆனால் மூன்று வயதுக்குள் அவை மூக்குக்கும் காதுக்கும் போகும். ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே ஏதோ இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஹேர்பின்னால் குத்தி எடுக்கப் பார்த்தால் இன்னும் ஆழமாகப் போய்விடும், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுவதே சரி. சீத்தாக் கொட்டையைக் குழந்தை உடைக்கவோ அரைக்கவோ விடாதீர்கள், அந்தப் பொடி கண்ணில் பட்டால் கண்ணைப் புண்ணாக்கும். மாங்காய்க் காம்பில் வடியும் பாலும் தோலைப் புண்ணாக்கக்கூடியது. கழுவித் துடைத்த பிறகு கொடுங்கள்.

பெயின்ட் தோய்த்து அச்சுப் பதிக்கிற விளையாட்டுக்குத் தனிப் பழம், தின்பதற்குத் தனிப் பழம். இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் எது எதற்கு என்று இரண்டரை வயதுக்குத் தெரியாது. அச்சுக்கு முற்றிய வெண்டைக்காயே போதுமே.

தின்னவைக்கும் ஆசை

பாடம் என்று தொடங்கி, கடைசியில் "ஒரு வாய் சாப்பிட்டால் போன் தருவேன்" என்று முடிப்பது நம் வழக்கம். லஞ்சம் கொடுத்துத் தின்னவைக்கிற பண்டம், குழந்தையின் கணக்கில் மருந்தாகிவிடுகிறது. புதுப் பழத்தை ஏற்றுக்கொள்ளப் பல குழந்தைகளுக்குப் பத்து, பதினைந்து முறைகூட அதைப் பார்க்கவும் தொடவும் நக்கவும் வேண்டியிருக்கும். தொட்டுவிட்டு வைத்துவிட்டதா, சரி, அன்றைக்கு அவ்வளவுதான். அன்னாசி நாக்கைக் கடிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள். அதில் இருக்கும் ஒரு நொதி உண்மையிலேயே எரிச்சல் தரும். உதடு வீங்கினாலோ தடிப்பு வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

மீந்ததையெல்லாம் ஜூஸ் போட்டுக் கொடுப்பதும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2017 பரிந்துரைப்படி 1 வயதுக்குள் ஜூஸே கூடாது. 1 முதல் 3 வயது வரை நாளுக்கு அதிகபட்சம் 120 மில்லி. முழுப்பழமாகத் தின்றால் நார்ச்சத்தும் சேர்ந்து போகும்.

விதை ஊன்றும் ஆசை இருந்தால் ஆப்பிள் விதையைத் தவிர்த்துவிடுங்கள். முளைக்க அதற்குச் சில வாரம் குளிர் வேண்டும். நம் ஊர்த் தொட்டியில் பெரும்பாலும் ஏமாற்றம்தான். மாங்கொட்டை முளைக்கும், ஆனால் இரண்டு மூன்று வாரமாவது எடுக்கும், அதுவரை குழந்தை தினமும் மண்ணைத் தோண்டிப் பார்க்கும். அதே தொட்டியின் ஓரத்தில் நான்கு பச்சைப்பயறையும் போட்டுவையுங்கள், சில நாளில் தலைகாட்டிவிடும். மாங்கொட்டையின் மேலோட்டை நீக்கி உள்பருப்பை மட்டும் நட்டால் சீக்கிரம் வரும். ஓட்டைப் பிளக்கிற வேலை மட்டும் பெரியவர்களுடையது.